என்ஏசி (என்-அசிட்டைல்சிஸ்டீன்) மாத்திரை எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். கொரோனா வந்து போய் நான்கு மாதமாகியும் அசதி விட்டபாடில்லை. வாய்க்கால் வரை நடந்தாலே மறுநாள் முழுக்கப் படுக்கைதான். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை எல்லாம் சோதித்தாயிற்று, குறையில்லை. கொள்ளு ரசமும் குடித்தாயிற்று (அம்மாவுக்குத் திருப்தி, எனக்கு ஏப்பம்).

இப்போது சித்தப்பா மகன் என்ஏசி 600 மி.கி. கரையும் மாத்திரை வாங்கி வந்திருக்கிறான். சளியை இளக்கவும், பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரலைக் காக்கவும் தருகிற மருந்துதான். உடலில் செல்களைச் சேதத்திலிருந்து காக்கும் குளுட்டாதயோன் என்ற பொருள் உருவாக உதவும். இந்த அசதிக்கு நிரூபணமான மருந்தல்ல என்பதும் தெரியும்.

எடுத்தவர்களுக்கு மாற்றம் தெரிந்ததா? வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா? அப்புறம், அப்பா நெஞ்சுவலிக்கு நாக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர். அதோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் இறங்கிவிடும் என்பதால் அவர் கைக்கு எட்டாமல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன்; அவரிடம் வேறென்ன கேட்கலாம், சொல்லுங்க.