இக்னிஷன் சுவிட்ச்: எரிபற்றல் ஆளியா, சாவி ஆளியா?

மடல் 1 (திருச்சியிலிருந்து)

குழுமத்தாருக்கு வணக்கம்.

காரில் இக்னிஷன் சுவிட்ச் கெட்டுப்போனால் வீட்டிலேயே கழற்றி மாற்றுவது எப்படி என்று தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்மையில் என் வண்டியில் மாற்றினேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் தலைப்பே நகரவில்லை. இக்னிஷனுக்கு எரிபற்றல், தீமூட்டல், பற்றவைப்பு என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. சுவிட்சுக்கு நிலைமாற்றி, சொடுக்கி, ஆளி. இரண்டு பக்கமும் எடுத்துக் கோத்தால் 'எரிபற்றல் நிலைமாற்றி', 'தீமூட்டுச் சொடுக்கி' என்று ஒரு கூடை சொற்கள் தயார். ஒன்றுகூட அந்தப் பாகத்தின் வேலையைச் சொல்லவில்லை என்பதுதான் என் வழக்கு.

அது என்ன செய்கிறது? பேட்டரியிலிருந்து ஒரு தடித்த ஒயர் அதற்குள் வருகிறது. சாவியைத் திருப்பத் திருப்ப, உள்ளே இருக்கும் செப்புத் தகடுகள் அந்த மின்சாரத்தை வரிசையாகப் பிரித்து அனுப்புகின்றன. முதல் திருப்பில் ரேடியோ மாதிரியான சில்லறைச் சமாச்சாரங்கள். அடுத்ததில் எஞ்சின் கணினி, பெட்ரோல் பம்பு, மீட்டர் விளக்குகள். கடைசித் திருப்பில் ஸ்டார்ட்டர். அந்த ஓரிரு நொடி ரேடியோ அணைந்து திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். பேட்டரியின் பலம் முழுக்க ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று சுவிட்சே அதைத் துண்டிக்கிறது. பொறி பறக்கவைப்பதெல்லாம் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொடுக்கும் காயிலும் ஸ்பார்க் பிளக்கும் செய்யும் வேலை. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அழுத்திய காற்றின் சூட்டில் டீசல் தானே எரிகிறது. அதிலும் இதே சுவிட்ச், இதே பெயர். மேக்னெட்டோ (பேட்டரி இல்லாமலே பொறிக்கு மின்சாரம் தரும் காந்தக் கருவி) வைத்த பழைய இருசக்கர வண்டிகளில் இன்னும் வேடிக்கை. அங்கே சாவியை அணைக்கும்போதுதான் சுவிட்சின் முனைகள் ஒன்றுசேர்கின்றன, மின்சாரத்தை எர்த்துக்குக் கடத்தி எஞ்சினை நிறுத்துகின்றன. அதற்குப் போய் தீமூட்டி என்று பெயர் வைத்தால் எப்படி?

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. புழக்கத்தில் ஒரே பெயர் மூன்று பொருள்களுக்கு ஓடுகிறது. சாவி நுழையும் உலோக உருளை ஒன்று. ஸ்டியரிங்கைத் திரும்பவிடாமல் பிடிக்கும் பூட்டு ஒன்று. உருளையின் வால்பக்கம் செருகியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் சுவிட்ச் ஒன்று. மின்வேலை முழுவதும் இந்த மூன்றாவதில்தான். கடையில் 'இக்னிஷன் சுவிட்ச் கொடுங்க' என்றால் புதுச் சாவியோடு மொத்த செட்டையும் எடுத்து மேசைமேல் வைக்கிறார்கள். பல வண்டிகளுக்கு அந்தப் பிளாஸ்டிக் துண்டு தனியாகவே கிடைக்கும், விலையும் சில மடங்கு குறைவு. அதை மட்டும் மாற்றினால் பழைய சாவியே போதும். இம்மொபிலைசர் (சரியான சிப் உள்ள சாவி இல்லாவிட்டால் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) இருக்கிற வண்டியிலும், சாவியின் சிப்பைப் படிக்கும் வளையம் உருளையின் வாயைச் சுற்றி இருப்பதால் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

என் வண்டியில் வந்த கோளாறையே சொல்கிறேன். சாவியைக் கடைசிவரை திருப்பினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். விரலை எடுத்ததும் நின்றுவிடும். ஸ்டார்ட்டர் நிலையின் தொடுமுனை நன்றாக இருந்தது, ஓடும் நிலையின் முனை போய்விட்டது. பழையதைப் பிரித்துப் பார்த்தேன். கிரீஸ் காய்ந்து கருப்புப் பிசினாகக் கிடந்தது. செப்புத் தகட்டின் ஓர் ஓரம் மட்டும் கருகிக் குழி விழுந்திருந்தது. எதிர்முனையைச் சுற்றிப் பிளாஸ்டிக் இளகி, முனை ஒரு மயிரிழை உள்ளே இறங்கியிருந்தது. அந்த மயிரிழைக்குத்தான் இத்தனை கூத்து.

ஆகவே எனக்கு ஒரு சொல் போதாது. உருளைக்கு, மின் சுவிட்சுக்கு, மொத்த செட்டுக்குத் தனித்தனியாக வேண்டும். சாவி நிற்கும் நான்கு நிலைகளுக்கும் வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் 'கடக்' என்று சாவி பிடித்து நிற்கிறதே, ஆங்கிலத்தில் டிடென்ட் என்பார்கள், அதற்கும் ஒரு சொல் கொடுத்தால் கையேடு ஓடும்.

மடல் 2 (யாழ்ப்பாணத்திலிருந்து)

வணக்கம். சுவிட்சுக்கு இவ்வளவு தேடல் ஏன்? எங்கள் பாடநூல்களில் பல காலமாக 'ஆளி' என்றுதான் உள்ளது. சின்ன வகுப்புப் பிள்ளைகள்கூட மின்சுற்றுப் படம் கீறும்போது ஆளி என்றே எழுதுவார்கள். ஒலிக்கவும் எளிது, வேறு சொல்லோடு சேர்க்கவும் எளிது.

சாவி என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். எங்களுக்கு அது 'திறப்பு'. ஆகவே நான் முன்வைப்பது 'திறப்பு ஆளி'. எரிபற்றலை விட்டுவிடலாம் என்ற உங்கள் கருத்து சரியே. எங்கள் ஊரில் ஓடுகிற பழைய கார்களில் டீசல் எஞ்சின் மாற்றிப் பூட்டியவை உண்டு, அவற்றின் திறப்பு எதைப் பற்றவைக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

மடல் 3 (கோவையிலிருந்து)

சார், நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறவன். சொல் உருவாக்குவதெல்லாம் எனக்குத் தெரியாது. பட்டறையில் என்ன சொல்கிறோம் என்று எழுதுகிறேன், எடுத்துக்கொள்வதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

மொத்தமாக வந்தால் கீ செட் அல்லது லாக் செட். பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் மட்டும் என்றால் கீ சுவிட்ச். ஸ்டார்ட்டர் மோட்டாரை யாரும் ஸ்டார்ட்டர் என்பதில்லை, செல்ஃப் என்போம். 'செல்ஃப் எடுக்கல' என்றுதான் வண்டியைக் கொண்டுவருவார்கள். ஒயர்க் கொத்தின் முனையில் இருக்கிற சதுர பிளாஸ்டிக் கப்ளர். முனை கருகிப்போவதைக் 'கார்பன் பிடிச்சிருக்கு' என்போம். நீங்கள் கேட்ட அந்தக் 'கடக்' எங்களுக்கு ஸ்டெப். 'ஸ்டெப் தேய்ஞ்சிருச்சு, கீ நிக்கல' என்றால் எந்தப் பையனுக்கும் புரியும்.

ஒயர்களுக்குப் பெயர் வைக்க மெனக்கெட வேண்டாம். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் முறையில் ஒயர் போட்ட பழைய வண்டிகளில் கலரே பெயர்: பழுப்பு பேட்டரி, வெள்ளை இக்னிஷன், வெள்ளையில் சிவப்புக் கோடு செல்ஃப். ஐரோப்பிய வண்டிகளில் டின் 72552 என்ற ஜெர்மன் தர எண்கள்: 30 பேட்டரி, 15 சாவி போட்டால் வருவது, 50 செல்ஃப், 31 எர்த். எண் எந்த மொழியிலும் எண்தானே.

கையேட்டில் ஒன்றை மட்டும் பெரிய எழுத்தில் போடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அந்த வண்டியின் மேனுவலில் சொல்லியிருக்கிற நேரம் காத்திருந்து பிறகு ஸ்டியரிங் மூடியில் கை வைக்கச் சொல்லுங்கள். ஏர்பேக்கில் மின்சாரம் தங்கியிருக்கும். மஞ்சள் கப்ளரைக் கண்டால் தொடக் கூடாது. ஸ்டியரிங் பூட்டைப் பிடித்திருக்கும் போல்டுக்குத் தலை இருக்காது, இறுக்கும்போதே முறிகிற மாதிரி செய்திருப்பார்கள், திருடன் கழற்றக் கூடாதென்று. கீ சுவிட்ச் மட்டும் மாற்றுகிறவர் அதை நோண்ட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு சந்தேகம். இப்போது பட்டன் வைத்த வண்டிகள் நிறைய வருகின்றன. சாவி என்று பெயர் வைத்தால் அதற்கு என்ன செய்வீர்கள்?

மடல் 4 (புதுச்சேரியிலிருந்து)

ஐயா, பிரெஞ்சுக்காரர்களும் நெருப்பைப் பேசுவதில்லை. சாவியைத் திருப்புவதை 'கோன்தாக்த் போடுவது' என்பார்கள், அதாவது தொடர்பு ஏற்படுத்துவது. அந்த வழியில் 'தொடுப்புச் சாவி' எனலாமா என்று யோசித்தேன். வீட்டில் சொன்னேன், மனைவி சிரித்த சிரிப்பில் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நம் ஊர்ப் பேச்சில் தொடுப்புக்கு இருக்கும் பொருள் உங்களுக்கும் தெரியும்.

ஆளி நல்ல சொல்தான், ஆனால் சேர்த்து எழுதினால் ஆபத்து. 'சாவியாளி' என்றால் தொழிலாளி, கூட்டாளி போலச் சாவி வைத்திருக்கும் ஆள் என்று படிக்கிறது. இன்னொருவர் தனிமடலில் 'சாவி மின்மாற்றி' என்று அனுப்பியிருந்தார். மின்மாற்றி தெருமுனையில் டிரான்ஸ்ஃபார்மராக நின்றுகொண்டிருக்கிறது, அதை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுவர வேண்டாம்.

மடல் 5 (திருச்சியிலிருந்து)

அனைவருக்கும் நன்றி. கோவை நண்பரின் மடல்தான் எனக்கு அதிகம் உதவியது, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

> சாவி என்று பெயர் வைத்தால் அதற்கு என்ன செய்வீர்கள்?

பட்டன் வண்டியில் இந்தப் பாகமே இல்லை. பட்டனை அழுத்தினால் கணினிக்கு ஒரு தகவல் போகிறது, கணினி ரிலேக்களை, அதாவது மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்சுகளை, இயக்குகிறது. சாவியால் திருப்பும் செப்புத் தகடுகள் அங்கே கிடையாது. வேறு பாகத்துக்கு வேறு பெயர் இருக்கட்டும்.

டிடென்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இந்தச் சின்னக் குழிக்கு ஒரு பெரிய கதை உண்டு. சுவிட்சுக்குள் ஸ்பிரிங்கால் உந்தப்படும் ஒரு சிறு முளை, ஒவ்வொரு நிலைக்கும் உள்ள குழியில் போய் விழுகிறது. அந்தப் பிடிமானம்தான் சாவியை நிறுத்துகிறது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் செவ்ரோலே கோபால்ட், சாட்டர்ன் அயான் முதலான கார்களில் இந்தப் பிடிமானம் போதாமல் இருந்தது. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ முழங்கால் இடித்தாலோ ஓடும் வண்டியில் சாவி ஒரு நிலை பின்னால் நழுவியது. எஞ்சின் நின்றது, பவர் ஸ்டியரிங் போனது, பிரேக்கின் துணைவிசை போனது. எல்லாவற்றையும்விட, மோதும்போது ஏர்பேக் விரியவில்லை. 2014இல் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தார்கள். இழப்பீட்டு நிதியம் 124 மரணங்களை இந்தக் கோளாற்றோடு தொடர்புடையவை என்று ஏற்றுக்கொண்டது. 2015இல் அரசுடனான குற்ற வழக்கை முடித்துக்கொள்ள நிறுவனம் 90 கோடி டாலர் கட்டியது.

நம் குழுமத்துக்கு ஒட்டிய செய்தி இதில் ஒன்று உண்டு. 2006இல் அந்த முளையையும் ஸ்பிரிங்கையும் சத்தமில்லாமல் மாற்றினார்கள், பாக எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணில் இருந்ததால், பின்னால் வந்த வண்டிகளில் மட்டும் ஏன் கோளாறு குறைவு என்று ஆராய்ந்தவர்கள் நெடுநாள் குழம்பினார்கள். உருளைக்கும் சுவிட்சுக்கும் வேறு வேறு பெயர் கேட்டு நான் அடம்பிடிப்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

டிடென்ட்டுக்குத் 'தடுப்பான்' என்று தனிமடலில் வந்தது. அது தடுப்பதில்லை, பிடித்துக்கொள்கிறது, கொஞ்சம் பலம் கொடுத்தால் விட்டும்விடுகிறது. 'பிடிகுழி' என்று வைக்கிறேன். முளைக்கு முளையே போதும்.

மின் சுவிட்சுக்கு 'சாவி ஆளி', எப்போதும் இடைவெளி விட்டு. இலங்கை வாசகர்களுக்காக முதல் பக்கத்திலேயே 'திறப்பு ஆளி' என்றும் எழுதிவிடுவேன். அதையே பொதுவாக வைக்கத் தயக்கம், இங்கே திறப்பு என்றதும் ரிப்பன் வெட்டும் விழாதான் கண்முன் வரும். உருளை 'பூட்டுருளை', மொத்தமும் 'சாவி செட்'. செட் தமிழா என்று யாராவது கேட்டால், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சண்டை போடலாம். கையேட்டில் முதல்முறை வரும் இடத்தில் 'கடையில் கீ சுவிட்ச் என்று கேளுங்கள்' என்று ஒரு வரியும் இருக்கும்.

நிலைகளுக்கு பூட்டு, துணை, ஓட்டம், கிளப்பு. நாம் எல்லோருமே வண்டியைக் கிளப்புகிறவர்கள், 'துவக்குகிறவர்' யாரையும் நான் பார்த்ததில்லை. செல்ஃபைக் 'கிளப்பு மோட்டார்' என்றால் பட்டறையிலும் புரியும் என்று நினைக்கிறேன், கோவை நண்பர் சொல்லட்டும்.

சொற்கள் வாக்கியத்தில் நிற்கின்றனவா என்று கையேட்டின் ஒரு பத்தியை வைத்துப் பார்த்தேன்:

"மாற்றுவதற்கு முன் சாவி ஆளிதான் குற்றவாளியா என்று உறுதி செய்யுங்கள். மல்டிமீட்டரை வோல்ட்டில் வையுங்கள். சாவியை ஓட்ட நிலையில் வைத்து ஏசி விசிறியைப் போடுங்கள். மீட்டரின் ஒரு முனையை ஆளிக்குள் பேட்டரி மின்சாரம் வரும் ஒயரிலும் மறுமுனையை வெளியே போகும் ஒயரிலும் வையுங்கள். ஆளி நன்றாக இருந்தால் மீட்டர் ஏறத்தாழ சுழியம் காட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே முனை கருகியிருக்க வாய்ப்பு அதிகம். பழைய ஆளியைக் கழற்றிய பிறகு, புது ஆளியின் நடுப்பள்ளம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பூட்டுருளையின் வாலும் அதே பக்கம் திரும்பும்படி சாவியை வைத்துவிட்டுச் செருகுங்கள். அழுத்தித் திணிக்க வேண்டியிருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. திருகை முடுக்கியபின் சாவியை எல்லா நிலைகளுக்கும் திருப்பி, ஒவ்வொரு பிடிகுழியிலும் நிற்கிறதா, கிளப்பு நிலையிலிருந்து விரலை எடுத்ததும் தானாக ஓட்ட நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். மூடியை அதற்கப்புறம் மாட்டலாம்."

எனக்கு இது தடுக்காமல் படிக்கிறது. 'துணை' மட்டும் இன்னும் ஒட்டவில்லை. வண்டியில் ஆக்சஸரி என்பதைச் சுருக்கி ஏ.சி.சி. என்று பொறித்திருப்பதைப் பலர் ஏசி என்றே படிக்கிறார்கள், அந்த இடத்தில் துணை என்று போட்டால் யாருக்குத் துணை என்ற கேள்வி வரும். ரேடியோ நிலை என்று சொல்லிவிடலாமா என்றும் ஒரு எண்ணம். வெள்ளிக்குள் யாருக்காவது நல்லதாகத் தோன்றினால் எழுதுங்கள், சனிக்கிழமை படங்களைச் சேர்த்து ஏற்றிவிடுவேன்.