‘பஞ்சர் ஆகாது’ என்ற டயரில் நான்கு மாதத்தில் ஏழு பஞ்சர். அடுத்து எதை வாங்குவது?

உப்பளத்துக்காரன்:
தூத்துக்குடியில் இருக்கிறேன். ரோடு பைக், 700×25 டயர் (25 மி.மீ. அகலம்), என் எடை 82 கிலோ. வாரத்தில் மூன்று நாள் விடியலில் திருநெல்வேலி நாற்கரச் சாலையில் வல்லநாடு பக்கம் போய்த் திரும்புவேன். ஞாயிறு மட்டும் திருச்செந்தூர்.

இப்போது இருக்கும் டயரின் அட்டையில் ‘ஐந்து மடங்கு பஞ்சர் பாதுகாப்பு’ என்று போட்டிருந்தது. நம்பி வாங்கினேன். நான்கு மாதத்தில் ஏழு பஞ்சர், அதில் ஐந்து பின்சக்கரத்தில். போன வாரம் துறைமுக லாரிகள் பறக்கிற சாலையோரத்தில் உட்கார்ந்து டியூப் மாற்றியபோது வெறுத்தே போச்சு.

கான்டினென்டல் ஜிபி 5000, கேட்டர்ஸ்கின், ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் என்று மூன்று டயரையும் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 330 டிபிஐ என்கிறார்கள், இன்னொன்றில் பாதுகாப்பு நிலை 7 என்கிறார்கள். எந்த எண்ணை நம்புவது?

சங்கிலி_எண்ணெய்:
ஐந்து மடங்கு சரி, எதைவிட ஐந்து மடங்கு? பெரும்பாலும் அதே கம்பெனியின் சாதா டயரைவிட என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். நிலை 7 என்பதும் ஷ்வால்பே தன் டயர்களைத் தானே வரிசைப்படுத்திப் போட்டுக்கொண்ட எண். அவர்களுடைய 5-ஐயும் 7-ஐயும் ஒப்பிடலாம், வேறு கம்பெனி எண்ணோடு ஒப்பிட முடியாது. எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது.

டிபிஐ பஞ்சர் கணக்கே இல்லை. ஓர் அங்குலத்தில் எத்தனை இழை என்பதுதான் அது. இழை கூடினால் ஒவ்வொரு இழையும் மெல்லிசாகும், டயர் வளைந்து கொடுத்து ஓடும். அந்த 330-ம் 110 இழைத் துணியை மூன்று அடுக்காக மடித்த கூட்டுத்தொகை.

வழிப்போக்கன்:
இவ்வளவு யோசிக்க வேண்டாம் அண்ணாச்சி. மாரத்தான் பிளஸ் போடுங்கள், பஞ்சர் என்ற சொல்லையே மறந்துவிடலாம்.

சங்கிலி_எண்ணெய்:
மறக்கலாம்தான். உள்ளே 5 மி.மீ. கனத்துக்கு ரப்பர் மெத்தை இருக்கிறது, முள் நுழைந்தாலும் டியூபை எட்டாது. ஆனால் ஒரு டயரே அரைக் கிலோவுக்கு மேல். ஜிபி 5000-ல் 25 அளவு 220 கிராம் அருகில்தான். வேகமாக ஓட்டிப் பழகியவருக்கு நனைந்த கோணியை இழுப்பதுபோல இருக்கும். மூட்டை கட்டி ஊர் ஊராகப் போகிறவருக்கு அதுதான் சரி.

பழைய_ஸ்போக்:
தம்பி, டயரை அப்புறம் வாங்கலாம். முதலில் ஏழு ஓட்டையும் எங்கே விழுந்தது என்று சொல்லுங்கள். பழைய டியூப்கள் இருக்கிறதா? காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். சாலைப் பக்கமா, ரிம் பக்கமா, ஓட்டை ஒன்றா இரண்டா என்று குறித்து வையுங்கள்.

உப்பளத்துக்காரன்:
ஆறு டியூப் கிடந்தது, பார்த்தேன் அண்ணாச்சி. பின்சக்கரத்து மூன்றில் பக்கம் பக்கமாக இரண்டிரண்டு ஓட்டை. இன்னும் இரண்டில் சாலைப் பக்கம் ஊசி முனை அளவு ஓட்டை, இரண்டிலும் வால்விலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரம். முன்சக்கரத்து ஒன்றில் ரிம் பக்கம். தூக்கிப் போட்ட டியூபில் சீமைக் கருவேல முள் நட்டமாக நின்றது நினைவிருக்கிறது.

பழைய_ஸ்போக்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். இரட்டை ஓட்டை பாம்புக்கடி. காற்று குறைவாக இருக்கும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே டியூப் நசுங்கும். டயருக்குள் வைக்கும் எந்தப் பாதுகாப்புப் பெல்ட்டும் இதைத் தடுக்காது. எத்தனை நாளைக்கு ஒருமுறை காற்றடிக்கிறீர்கள்?

ரிம் பக்க ஓட்டை, ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகியதால் வந்தது. ஸ்போக் துளை விளிம்பு டியூபை அறுத்திருக்கும். டேப்பை மாற்றுங்கள், சில்லறைக் காசு.

ஒரே தூரத்தில் இரண்டு ஓட்டை என்றால் முதல் முறை குத்தியது இன்னும் டயருக்குள்ளேயே இருக்கிறது. நாற்கரச் சாலையில் வெடித்த லாரி டயர் துண்டுகள் ஓரமெல்லாம் கிடக்கும். அதிலிருந்து உதிரும் எஃகுக் கம்பி முடியைப் போல் இருக்கும், விரலால் தடவினால் சிக்காது. ஒரு பிடி பஞ்சை டயரின் உட்புறம் சுற்றி இழுங்கள், கம்பி இருந்தால் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும்.

சங்கிலி_எண்ணெய்:
கம்பி விஷயத்தில்தான் விளம்பரம் அதிகம் ஏமாற்றும். பெல்ட்டில் வரும் கெவ்லர், வெக்ட்ரான் எல்லாம் நெய்த துணி. கண்ணாடிச் சில்லு அறுக்க வந்தால் நன்றாகத் தாங்கும். மெல்லிய கம்பி இழைகளை விலக்கிக்கொண்டு நடுவே புகுந்துவிடும். அதைத் தடுப்பது ரப்பரின் கனம். ‘பஞ்சர் பாதுகாப்பு’ என்று பார்த்தால் வெட்டுக்கா, குத்துக்கா என்று கேளுங்கள். பெல்ட் நடுவில் மட்டுமா, பக்கச்சுவர் வரை வருகிறதா என்றும் கேளுங்கள்.

உப்பளத்துக்காரன்:
பஞ்சில் சிக்கியது! ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை.

காற்று ஞாயிறு காலை மட்டும் அடிப்பேன், 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை. இன்று வெள்ளி. பம்பை மாட்டியதும் பின்னால் 60 காட்டியது.

பழைய_ஸ்போக்:
பம்பை மாட்டும்போது கொஞ்சம் இறங்கும், அதைக் கழித்தாலும் 82 கிலோவுக்கு அது போதாது. மெல்லிய டியூபில் காற்று தானாகவே கசியும். கிளம்பும் முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். பின்னால் 90, முன்னால் 85-இல் ஆரம்பித்து உடம்புக்கு ஏற்ப மாற்றுங்கள்.

ஆக ஏழில் நாலு டயரின் குற்றம் இல்லை. மிச்சம் மூன்றில் ஒன்று முள், இரண்டு அதே ஒரு கம்பி.

வழிப்போக்கன்:
எத்தனை கி.மீ. உழைக்கும் என்று போடுவதை நம்பலாமா?

பழைய_ஸ்போக்:
யார் எடைக்கு, எந்தச் சாலையில், முன்னாலா பின்னாலா? பின் டயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தேயும். ஜிபி 5000-ல் தேய்மானம் காட்ட இரண்டு சிறு குழிகள் இருக்கும், அவை மறைந்தால் மாற்ற வேண்டியதுதான். குழி இல்லாத டயரில் நடுப்பகுதி தட்டையானால் கவனம் தேவை, நூல் தெரிந்தால் அன்றே கழற்றுங்கள். கெட்டி ரப்பர் நீண்ட நாள் வரும், ஆனால் மழையில் அவ்வளவு பிடிக்காது. ஒருமுறை வளைவில் விழுந்து முழங்கையில் தையல் போட்டேன்.

புது டயரை எப்போதும் முன்னால் போடுங்கள், முன்னால் இருந்தது பின்னால் போகட்டும். டயரில் பெயர் எழுதிய இடத்தை வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். டியூபில் ஓட்டையைப் பார்த்ததும் டயரில் எங்கே தேடுவது என்று தெரியும்.

உப்பளத்துக்காரன்: (மூன்று வாரம் கழித்து)
டேப் மாற்றினேன், தினமும் காற்று பார்க்கிறேன். அதே டயரில் எழுநூறு கி.மீ. சொச்சம். ஒரே பஞ்சர், திருச்செந்தூர் சாலையில் கருவேல முள், பக்கச்சுவரில். பின் டயர் தட்டையாகிவிட்டது, இந்த மாதம் மாற்றணும். 28 அளவில் கேட்டர்ஸ்கின் என்று முடிவு. என் பிரேக்குக்கு அடியில் நுழையுமா?

பழைய_ஸ்போக்:
இப்போதுள்ள டயருக்கு மேலேயும் இரு பக்கமும் 6 மி.மீ. ஆலன் கீ (அறுகோணச் சாவி) உரசாமல் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் 28 தாராளமாக வரும்.