முடிச்சூரில் முழங்காலா, இடுப்பா?

முடிச்சூரான்:
நேற்று ராத்திரி வேளச்சேரிக்காரன் எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. கணவருக்கு ஒரகடத்தில் வேலை, எனக்குக் கிண்டியில் வேலை, தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரில் வீடு வாங்கலாமா என்று ஒரு அம்மா பணிவாகக் கேட்கிறார். அதற்கு இவர் திருவாய் மலர்ந்தது: "2015 சென்னை வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்ற ஊர், சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்." நான் 2009லிருந்து அங்கே இருக்கிறேன். வீடு கட்டியவன், கடன் அடைத்தவன், 2015ல் அந்தத் தண்ணீருக்குள் நின்றவன். சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். முழங்கால். இடுப்பு இல்லை, முழங்கால். இடுப்பு என்று சொல்கிறவர் அன்றைக்கு எங்கேயோ சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்.

வேளச்சேரிக்காரன்:
காலை வணக்கம் ஐயா, தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன் போலிருக்கிறது. என் சகலை வீடு முடிச்சூரில்தான் இருந்தது. "இருந்தது" என்று ஏன் சொல்கிறேன் என்றால் அடுத்த பொங்கலுக்குள் விற்றுவிட்டு ஓடிவிட்டார். அவருடைய அம்மாவைப் படகில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். முழங்கால் தண்ணீரில் படகு எதற்கு ஐயா? பிள்ளைகள் விடுகிற காகிதப் படகா? இடுப்பளவு. குறைத்துத்தான் சொன்னேன்.

முடிச்சூரான்:
படகு வந்தது பக்கத்து வரதராஜபுரத்துக்கு. டிவிக்காரன் வரதராஜபுரம், ராயப்பா நகர் எல்லாவற்றையும் படம் பிடித்துவிட்டு அடியில் "முடிச்சூர்" என்று போட்டான். அதைப் பார்த்துவிட்டுப் பத்து வருடமாக எங்கள் ஊர் மானத்தை வாங்குகிறீர்கள். உங்கள் சகலை எந்தத் தெரு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

நில அளவை:
இருவருக்கும் வணக்கம். ஓய்வு பெற்றவன், நேரம் இருக்கிறது, அதனால் சொல்கிறேன். வரதராஜபுரம் வேறு ஊராட்சி, மாவட்டமே வேறு. அது காஞ்சிபுரம், முடிச்சூர் 2019லிருந்து செங்கல்பட்டு. அப்புறம், 2015ல் வெள்ளம் ஒரு தடவை வரவில்லை. நவம்பர் நடுவில் ஒரு தடவை, டிசம்பர் 1, 2 தேதிகளில் ஒரு தடவை. இரண்டும் ஒரே அளவு இல்லை. மூன்றாவது, வீட்டுத் தரை ரோட்டைவிட இரண்டு, இரண்டரை அடி உயரமாக இருக்கும். உள்ளே முழங்கால் என்றால் வெளியே ரோட்டில் இடுப்புக்கு மேல். நீங்கள் இரண்டு பேருமே சரியாகச் சொல்கிறீர்களோ என்னவோ. எங்கிருந்து அளந்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்.

முடிச்சூரான்:
சார், மரியாதையோடு சொல்கிறேன், இதில் அளப்பதற்கு ஒன்றும் இல்லை. என் காலில் பட்ட தண்ணீர். முழங்கால்.

வேளச்சேரிக்காரன்:
யாருடைய முழங்கால்? ஒட்டகச்சிவிங்கியுடையதா?

வீடு தேடுகிறேன்:
வணக்கம், கேள்வி கேட்டது நான்தான். தண்ணீர் விஷயம் புரிகிறது, ஆனால் எனக்கு வேறு சிலவும் தெரிய வேண்டும். பெண் இரண்டாம் வகுப்பு போகிறாள். நான் கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்க ராத்திரி ஒன்பதாகிவிடும். அந்த நேரத்தில் முடிச்சூர் பக்கம் தனியாக வரலாமா? தெருவிளக்கு எரியுமா? நாங்கள் பார்த்த மனை பஞ்சாயத்து அப்ரூவ்டு என்கிறார்கள், வாங்கலாமா? யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

சானடோரியம் அக்கா:
தங்கச்சி, "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று யார் சொன்னாலும் முதலில் எழுந்து வந்துவிடு, அது செல்லுகிற அங்கீகாரம் இல்லை. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சொன்ன பிறகு 2017ல் வரன்முறைப்படுத்துகிற திட்டம் வந்தது. அந்த மனை வரன்முறை ஆகியிருந்தால் ஆணை எண் இருக்கும், அதைக் கேள். வில்லங்கச் சான்று முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார். முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஐம்பது லட்சத்துக்குப் பத்திரம் என்றால் நாலரை லட்சம் அதற்கே எடுத்து வைக்க வேண்டும். ராத்திரி விஷயம், நீயே ஒருநாள் ஒன்பதரைக்கு ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போய் அந்தத் தெருமுனையில் இறங்கி நடந்து பார். மெயின் ரோட்டில் பயமில்லை, கடை திறந்திருக்கும். உள்ளே போகப் போக காலி மனைகள்தான், கருவேலம் வளர்ந்து கிடக்கும், நாய்கள் அங்கேதான் படுத்திருக்கும். மனுஷனுக்குப் பயந்ததைவிட நாய்க்குத்தான் நான் அதிகம் பயந்திருக்கிறேன்.

முடிச்சூரான்:
அக்கா சொல்வது உண்மைதான், ஆனால் நாய் எல்லா ஊரிலும் இருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து தாம்பரத்துக்கென்று தனி போலீஸ் கமிஷனரகமே இருக்கிறது. 1931லேயே மின்சார ரயில் வந்த இடம் எங்கள் தாம்பரம். கிறிஸ்தவக் கல்லூரி 1937லேயே இங்கே வந்துவிட்டது. வேளச்சேரியில் அப்போது என்ன இருந்தது? ஏரி இருந்தது. இப்போது அதன் மேல் உட்கார்ந்துகொண்டு எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள்.

வேளச்சேரிக்காரன்:
ரயில் வந்தது தாம்பரத்துக்கு. கல்லூரி வந்தது தாம்பரத்துக்கு. போலீஸ் தாம்பரத்துக்கு. முடிச்சூருக்கு வந்தது அடையாற்று வெள்ளம் மட்டும்தான். 2021ல் தாம்பரம் மாநகராட்சி ஆனபோதுகூட உங்கள் முடிச்சூரை உள்ளே சேர்க்கவில்லையே, அது ஊராட்சியாகத்தானே இருந்தது? பந்தியில் இலை போடாதவர் சாப்பாட்டு ருசி பற்றிப் பேசுகிறார்.

முடிச்சூரான்:
பேசுவேன். ஏனென்றால் நான் மேம்பாலத்தில் கார் நிறுத்துகிற ஊர்க்காரன் இல்லை. வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை என்று வாயைத் திறப்பதற்குள் வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் கார் வரிசை கட்டி நிற்கிறதே, அது என்ன கண்காட்சியா? முழங்கால் தண்ணீர் வந்த எங்கள் ஊரில் கார் வீட்டில்தான் நிற்கிறது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை 2022ல் ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று உலகமே சொல்லிவிட்டது, உங்கள் அபார்ட்மெண்ட் விளம்பரத்தில் இன்னும் "ஏரிக் காட்சி" என்று போட்டு விற்கிறார்கள். மழை நாளில் அந்த ஏரிக் காட்சி உங்கள் லிஃப்டுக்குள்ளேயே வந்துவிடும். இன்னொன்று, 2019 கோடையில் சென்னையே குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடியபோது இதே வேளச்சேரிக்காரன் "புறநகர்க்காரர்கள் நிலத்தடி நீரை உறிஞ்சி விற்கிறார்கள்" என்று எழுதினார். அன்று நான் பதில் சொல்லவில்லை, வீட்டில் கல்யாண வேலை. மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

வேளச்சேரிக்காரன்:
2019ல் நான் எழுதியதை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள், 2015 தண்ணீர் மட்டும் முழங்காலுக்கு இறங்கிவிட்டதா? நல்ல ஞாபகசக்தி. மேம்பாலத்தில் கார் நிறுத்துகிறோம், ஒப்புக்கொள்கிறேன், மேம்பாலம் இருக்கிறது நிறுத்துகிறோம். இடுப்பளவு.

கிழக்கு தாம்பரம்:
எல்லாவற்றுக்கும் காரணம் செம்பரம்பாக்கம் ஏரி. வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டால் முடிச்சூர் என்ன, முழு சென்னையும் முழுகும். ஏரியை ஒழுங்காகக் கையாண்டால் அந்தப் பக்கம் பயமில்லாமல் வாங்கலாம்.

நில அளவை:
தம்பி, செம்பரம்பாக்கம் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம், முடிச்சூருக்குக் கீழே. அந்தத் தண்ணீர் மேலே ஏறி முடிச்சூருக்கு வராது. முடிச்சூரை முழுக்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் என்று மேலே இருக்கிற ஏரிகளின் உபரியும், அதை வாங்கிக்கொள்ள இடமில்லாமல் சுருங்கிப்போன அடையாறும்தான். அதுவும் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. வாங்க நினைப்பவர்கள் செம்பரம்பாக்கம் செய்தியைப் பார்ப்பதை விட்டுவிட்டு, மனை ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், பழைய வாய்க்கால் எங்கே போகிறது என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். மறுபடியும் கேட்கிறேன், ரோட்டிலிருந்து அளந்தீர்களா, வீட்டுத் தரையிலிருந்தா?

கிழக்கு தாம்பரம்:
செம்பரம்பாக்கம் இல்லை என்று சொல்ல நீங்கள் யார் சார்? அரசுக் கணக்கைத் தணிக்கை செய்கிற சிஏஜியின் அறிக்கையே இருக்கிறது.

நில அளவை:
அறிக்கை இருக்கிறது தம்பி, ஆறு அதற்காகத் திரும்பி ஓடாது.

முடிச்சூரான்:
சரி, எல்லோரும் பேசிவிட்டீர்கள், இப்போது நான் நிதானமாகச் சொல்கிறேன். எங்கள் கூடத்தில் கிழக்குச் சுவரில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது. அதைத் தூக்கினால் பின்னால் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இருக்கும். இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று, மழைக்காலம் வந்தால் கோடு மறுபடி எழுந்து வரும், பல்லி வால் மாதிரி. நான் வேண்டுமென்றேதான் அங்கே காலண்டர் மாட்டியிருக்கிறேன், வருகிறவர்கள் எல்லோரும் அதையே பார்த்து உச்சுக்கொட்டுகிறார்கள் என்பதால். அந்தக் கோடு எங்கே இருக்கிறது தெரியுமா? என் முழங்காலுக்கு நாலு விரல் மேலே. பீரோவின் கீழ்த்தட்டு துருப்பிடித்தது, மேல்தட்டில் இருந்த கல்யாணப் பட்டுப்புடவையில் ஒரு சொட்டு இல்லை. ஃப்ரிட்ஜ் மிதந்தது, உண்மை, ஆனால் ஃப்ரிட்ஜ் மிதக்க இடுப்பளவு வேண்டியதில்லை, யாராவது விஞ்ஞானம் படித்தவர்கள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு தெருவில் நாலு வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். வடக்கத்திப் பையன்கள் வந்து அஸ்திவாரத்துக்குள் நூறு ஜாக்கியைச் செருகி, ஒருத்தன் விசில் அடிக்க எல்லோரும் ஒரே நேரத்தில் கால் சுற்று திருகுவார்கள், வீடு நூல் நூலாக மேலே வரும், உள்ளே பாட்டி டிவி பார்த்துக்கொண்டிருப்பார். நான் தூக்கவில்லை. ஏன் தூக்கவில்லை? முழங்கால்தானே வந்தது, அதனால்.

வேளச்சேரிக்காரன்:
நாலு விரல் மேலே! ஒப்புக்கொண்டார் பாருங்கள்! காலையில் முழங்கால், மத்தியானம் முழங்காலுக்கு நாலு விரல் மேலே, ராத்திரிக்குள் இடுப்புக்கு வந்துவிடுவார். தண்ணீரே இவ்வளவு வேகமாக ஏறியிருக்காது.

முடிச்சூரான்:
நாலு விரல் என்பது முழங்காலைச் சேர்ந்ததுதான்.

வீடு தேடுகிறேன்:
ஐயா, அந்தக் கோடு உங்கள் வீட்டுக்குள்ளேதானே? அப்படியென்றால் தெருவில் எவ்வளவு இருந்திருக்கும்? 2021, 2023 மழையிலும் வந்ததா? வெள்ளநீர் வடிய மூடுகால்வாய் கட்டிய பிறகு பரவாயில்லை என்று தரகர் சொல்கிறார், சரியா?

சானடோரியம் அக்கா:
தங்கச்சி, இவர்களிடம் கேட்டு ஆகாது. தெருவில் போகும்போது வீடுகளின் மீட்டர் பாக்ஸைப் பார். ஆள் உயரத்துக்கு மேலே, ஸ்டூல் போட்டு ரீடிங் எடுக்கிற மாதிரி மாட்டியிருந்தால் அந்தத் தெரு அடிபட்டிருக்கிறது என்று அர்த்தம். மோட்டார் ஸ்விட்சு மாடிப்படியில் இருக்கிறதா பார். கேட்டுக்கு முன்னால் ரோடு எவ்வளவு ஏறியிருக்கிறது பார், பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதால் வாசல்படி மூன்று இருந்த வீட்டில் இப்போது ஒன்றுதான் இருக்கும், சில வீட்டில் இறங்கிப் போக வேண்டும். 2023 டிசம்பர் புயலில் என் தோழி வீட்டில் தண்ணீர் உள்ளே வரவில்லை, ஆனால் தரைக்கடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியில், சம்ப்பில், சாக்கடை கலந்து ஒரு வாரம் கேன் தண்ணீரில் குளித்தார்கள். அடுத்த தெருவில் வீட்டுக்குள்ளேயே வந்தது. தெருவுக்குத் தெரு மாறும். மூடுகால்வாய் பரவாயில்லைதான், அடைக்காமல் வைத்திருந்தால்.

முடிச்சூரான்:
என் மீட்டர் பாக்ஸை மேலே மாற்றியது கரையான் தொல்லைக்காக.

வேளச்சேரிக்காரன்:
கரையான்! ஐயோ சிரிப்பு தாங்கவில்லை. தங்கச்சி, எல்லாம் சரி, இவர் ஏன் இவ்வளவு துடிக்கிறார் என்று யோசியுங்கள். வீட்டை விற்கப் போகிறார், அதுதான். அல்லது அவரே தரகர்.

முடிச்சூரான்:
தரகரா? நானா? முப்பத்திரண்டு வருடம் அரசுப் பணியில் கை நீட்டாதவன். விற்பதாக இருந்தால் 2016லேயே உங்கள் சகலை மாதிரி பாதி விலைக்குத் தள்ளிவிட்டு ஓடியிருப்பேன். அந்தப் பாதி விலைக்கு வாங்கியவர் என் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார், இரண்டு மாடி எழுப்பிவிட்டார், வெளிவட்டச் சாலை பக்கத்தில், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் பக்கத்தில், உங்கள் சகலை இன்று அதே விலைக்கு அங்கே ஒரு கார் ஷெட் கூட வாங்க முடியாது. போய்க் கேளுங்கள், வயிறு எரிகிறதா என்று.

வேளச்சேரிக்காரன்:
என் சகலையின் வயிற்றை விட்டுவிடுங்கள். அது இடுப்புக்கு மேலே இருக்கிறது, தண்ணீர் அதுவரை வந்ததா என்று அப்புறம் பேசலாம்.

கிழக்கு தாம்பரம்:
யாரும் செம்பரம்பாக்கத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனிக்கிறேன்.

வீடு தேடுகிறேன்:
அக்காவுக்கு நன்றி. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து மீட்டர் பாக்ஸ் எல்லாம் பார்க்கிறோம். ஸ்கூல் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை.

முடிச்சூரான்:
வாங்கம்மா, நம் வீட்டுக்கே வாருங்கள், காபி சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இன்ச் டேப் எடுத்து வைக்கிறேன், காலண்டரைத் தூக்கி அந்தக் கோட்டை உங்கள் கண் எதிரே அளந்து படம் போடுகிறேன், அதோடு இவர் வாய் அடங்கட்டும்.

நில அளவை:
தரையிலிருந்தா, ரோட்டிலிருந்தா?

வேளச்சேரிக்காரன்:
டேப்பை இடுப்பில் கட்டி அளந்தாலும் அளப்பார்.

முடிச்சூரான்:
முழங்கால்.