ஷியர் போல்ட்டுக்குப் பதிலா ஆலன் போல்ட்: அந்த வீடியோவை நம்பலாமா?

புழுதிக்காடு, கடலாடி
டிராக்டர்ல இருந்து ரொட்டவேட்டரைச் சுத்த வைக்கிற ஷாஃப்ட்ல ஷியர் போல்ட் அடிக்கடி அறுந்தா, 12.9 (போல்ட் தலையில இருக்கிற வலிமை எண்) ஆலன் போல்ட் போடுங்க, இனி தொல்லையே இல்லன்னு ஒரு வீடியோ சுத்துது. எனக்கு அதுல தப்பு தெரியல. சீமைக் கருவேலம் வெட்டின நிலத்துல தூர் தட்டத் தட்ட போல்ட் மாத்திக்கிட்டு நின்னா, புழுதி விதைப்பு எப்ப முடியும்? மணி வாடகை வேற ஓடுது.

லேத்துப்பட்டறை, தேவிபட்டினம்
போல்ட் அறுந்து போகாதுதான் தம்பி. ஆனா பாரம் மீறினா தானே அறுந்து கியரைக் காப்பாத்தத்தான் ஷியர் போல்ட்டே இருக்கு. அது அறுந்து போகலன்னா கியர் பல்லு போகும். இப்ப போடுற 8.8 போல்ட் தாங்குற இழுவிசை 800 மெகாபாஸ்கல், 12.9 தாங்குறது 1200. ஒன்றரை மடங்கு. 45 எச்.பி. வண்டி நிமிஷத்துக்கு 540 சுத்துல தர்ற முறுக்கு 590 நியூட்டன் மீட்டர் பக்கம். பிளேடு தூர்ல மாட்டி நிக்கிற நொடியில ஃப்ளைவீல் வேகமும் சேர்ந்து இடிக்கும், முறுக்கு எங்கேயோ ஏறிடும். அதை எது வாங்குறது? போல்ட் வாங்கலன்னா ஜாயின்ட் கிராஸ், அதுவும் தாங்கினா ரொட்டவேட்டர் கிரவுன் பினியன், இல்லன்னா வண்டிக்குள்ள இருக்கிற பி.டி.ஓ. (ஷாஃப்ட்டைச் சுத்துற வெளிமுனை) கியர்.

புழுதிக்காடு
கணக்கு சரிண்ணே. தூரே இல்லாத மணல்லயும் 8.8 அறுந்து போகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?

லேத்துப்பட்டறை
வண்டியை அணைச்சு, சாவியை எடுத்துட்டு, ஷாஃப்ட்டைக் கையால முன்னபின்ன திருகிப் பாருங்க. போல்ட் ஓட்டை நீள்வட்டமா தேஞ்சிருந்தா ஆட்டம் தெரியும். ஓடும்போது அந்த ஆட்டமே போல்ட்டை அடிச்சு அடிச்சு அறுத்துடும். ஓட்டையை அடைச்சு மறுபடி போடணும். அடுத்தது மரை. ரெண்டு பிளேட் சந்திக்கிற இடத்துல மரையில்லாத தண்டுதான் நிக்கணும். முழுக்க மரை ஓடின போல்ட்டுக்கு அங்க குறுக்களவு கம்மி. தலையில எண் இல்லாத போல்ட்டைக் கடைக்காரர் 8.8னு சத்தியம் பண்ணாலும் வாங்காதீங்க. ஓட்டுற முறையும் இருக்கு: மண்ணுக்குள்ள இறக்கி வச்சுட்டு முழு ரேஸ்ல பி.டி.ஓ. போட்டா எந்தப் போல்ட்டும் நிக்காது. தூக்கி வச்சு, ரேஸ் குறைச்சு போட்டு, 540க்கு ஏத்தின பிறகுதான் மெதுவா இறக்கணும்.

உப்பங்கழி, தொண்டி
எதுக்கு இவ்வளவு? ஸ்லிப் கிளட்ச் வச்ச ஷாஃப்ட் போடுங்க. தூர்ல மாட்டினா வழுக்கும், போல்ட் மாத்துற வேலையே இல்ல.

லேத்துப்பட்டறை
நம்ம கரைக்கு அது சரிப்படாது. மாசியில நிறுத்தி ஆவணியில எடுத்தா, உப்புக்காத்துல பிளேட்டெல்லாம் துருவேறி ஒட்டியிருக்கும். ஒட்டின கிளட்ச் வழுக்காது. அதுக்கு 12.9ஏ தேவலாம்.

உப்பங்கழி
பராமரிக்காம விட்டுட்டு கிளட்ச்சைக் குத்தம் சொல்லக்கூடாதுண்ணே. சீசன் முடிஞ்சதும் ஸ்பிரிங் நட்டைத் தளர்த்தி வைக்கணும். திரும்ப எடுக்கும்போது, தளர்ந்த நிலையிலேயே சில நொடி வழுக்க விட்டா துரு தேஞ்சு போகும். அப்புறம் கையேட்டுல சொன்ன ஸ்பிரிங் நீளத்துக்கு, அளந்து, எல்லா நட்டையும் ஒரே அளவா முறுக்கணும். பிளேட்ல கிரீஸ் படக்கூடாது. ஆனா ஷாஃப்ட்ல உள்ள வெளிய ஓடுற குழாய்க்குக் கிரீஸ் கட்டாயம். அது துருவுல இறுகினா, ரொட்டவேட்டரை ஏத்தி இறக்கும்போது நீளம் மாற முடியாம கியர்பாக்ஸ் பேரிங்கைக் குத்தும். வீடியோக்காரங்க இதைத் தொடுறதே இல்ல.

புழுதிக்காடு
நடுவுல 10.9 போட்டா?

லேத்துப்பட்டறை
கையேட்டுல 10.9 இருந்தா போடுங்க, இல்லன்னா வேண்டாம். தூரை முதல்ல ஜேசிபி விட்டுப் பிடுங்குங்க. ரொட்டவேட்டர் அதுக்கான கருவி இல்ல.

புழுதிக்காடு
ஜேசிபி வாடகைக்குப் பெட்டி பெட்டியா போல்ட் வாங்கலாம்ண்ணே. ஓட்டையைப் பாக்குறேன், எண் போட்ட 8.8 தான் வாங்குறேன். ஜேசிபி மட்டும் நமக்குக் கட்டாது.