டஸ்ட் ஜாக்கெட்டுக்குத் தமிழில் ‘சட்டை’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். கெட்டி அட்டைப் புத்தகத்தின் மேல் தனியாக மாட்டியிருக்கும் அச்சிட்ட தாள்தான் டஸ்ட் ஜாக்கெட். அதற்கு ஒரு தமிழ்ச் சொல்லை நம் சேகரிப்பாளர் மடல்களில் தேடிக்கொண்டிருக்கிறோம். ஓசூர் நண்பர் ‘தூசுறை’ என்றார், பேராசிரியர் ஐயா ‘நூலுறை’ என்றார். இரண்டையும் ஒரு வாரம் என் புத்தகப் பதிவேட்டில் எழுதிப் பார்த்தேன். கை ஓடவில்லை. அதற்குள் வேறொரு சொல் தானாக வந்து சேர்ந்தது, அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பைண்டரிடம் பழைய துப்பறியும் நாவல் ஒன்றைக் கொண்டுபோனேன். லண்டன் கொலான்ஸ் நிறுவன வெளியீடு, பெங்களூரில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. தையல் விட்டிருந்தது. மேலே அந்த நிறுவனத்துக்கே உரிய மஞ்சள் தாள். படம் எதுவும் கிடையாது, கறுப்பிலும் மெஜந்தாவிலும் பெரிய பெரிய எழுத்துகள், அவ்வளவுதான். பைண்டர் புத்தகத்தை வாங்கி, தாளின் இரண்டு ஓர மடிப்புகளையும் விரலால் நெம்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சட்டையக் கழட்டித் தனியா வச்சிட்டு அப்புறம் அட்டையப் பிரிக்கட்டுங்களா சார்?”

சட்டை வேறு, அட்டை வேறு. நாம் இத்தனை மடல்களில் தேடிய வேறுபாடு அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

‘உறை’யில் எனக்குள்ள சிக்கல் இதுதான். அட்டையையே பலர் மேலுறை என்கிறார்கள். தலையணை உறை, கடித உறை என்று எதைச் சொன்னாலும் உள்ளே போட்டு மூடுவதுதான் நினைவுக்கு வரும். ஒன்று சொல்ல வேண்டும், தொடக்க காலத்தில் இது உண்மையிலேயே உறையாகத்தான் இருந்தது. ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கும் 1829ஆம் ஆண்டுத் தாள், புத்தகத்தைப் பொட்டலம்போல் முழுதாகச் சுற்றி அரக்கு வைத்து ஒட்டியது. அதை உறை என்றே சொல்லலாம். நாம் சேகரிக்கும் 1930களின் குற்றப் புனைவுகளில் இருப்பது அதுவல்ல. புத்தகம் திறக்கும், மூடும். தாள் அதன் தோளில் தொங்கிக்கொண்டே கூட வரும்.

‘தூசு’ம் அப்படித்தான். பழந்தமிழில் தூசு என்றால் ஆடை என்பது ஓசூர் நண்பர் மனதில் இருந்திருக்கும், அது அழகான எண்ணம். ஆனால் இன்று படிப்பவர் காதில் புழுதிதான் விழும். புழுதியைத் தடுப்பது அந்தத் தாளின் பழைய வேலை. அப்போது வாங்கியதும் கழற்றி எறிந்துவிடுவார்கள். பிறகு அது கடையில் நின்று ஆளைக் கூப்பிட ஆரம்பித்தது. கொலான்ஸுக்கு அந்த மஞ்சளை அமைத்தவர் எழுத்துருக் கலைஞர் ஸ்டான்லி மாரிசன். மற்றவர்கள் கத்தியும் பிணமும் நிழலுமாக வரைந்துகொண்டிருக்க, இவர் வெறும் எழுத்தை வைத்தே பத்தடி தள்ளி நிற்பவரையும் நிறுத்தினார். ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் டோரதி சேயர்ஸின் பல நாவல்கள் அந்த மஞ்சளில் வந்தவை. இவ்வளவு யோசித்துச் செய்த பொருளுக்குப் புழுதியின் பெயரை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

‘மெய்ப்பை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்துவரும் சட்டை. சொல்லின் மேல் ஆசைதான், ஆனால் அச்சுத் தொழிலில் ‘மெய்ப்பு’ ஏற்கெனவே புரூஃபுக்குப் போய்விட்டது. ‘நூற்சட்டை’ என்றால் பருத்திச் சட்டை ஆகிவிடும். ஜாக்கெட் என்றே விட்டுவிடலாமே என்பவர்களுக்கு: நம் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை.

ஆக, முழுப் பெயர் ‘புத்தகச் சட்டை’, வழக்கில் ‘சட்டை’. பாம்பு உரிப்பதையும் சட்டை என்றுதானே சொல்கிறோம், தனியே கழன்று வருவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இவ்வளவு சாதாரணச் சொல் கலைச்சொல் ஆகுமா என்று கேட்டால் இத்தாலியைப் பாருங்கள். 1929இல் மொண்டடோரி நிறுவனம் குற்ற நாவல்களை மஞ்சள் அட்டையில் வரிசையாக வெளியிட்டது. இன்றும் அவர்கள் மொழியில் துப்பறியும் கதைக்குப் பெயர் ‘மஞ்சள்’. கண்ணில் பட்டதைச் சொன்னார்கள், அதுவே நிலைத்தது.

ஒரு கலைச்சொல் குட்டி போட வேண்டும். சட்டை போடுகிறது. வேறொரு பிரதியிலிருந்து எடுத்து மாட்டியது ‘இரவல் சட்டை’. பழையதைப் பார்த்துப் புதிதாக அச்சடித்தது ‘நகல் சட்டை’. அடுக்கில் வெளியே தெரியும் பக்கமான ஸ்பைனுக்கு ‘முதுகு’ ஏற்கெனவே பைண்டர்களின் சொல். அட்டைக்கு உள்ளே மடிந்து நிற்கும் ஓரமான ஃபிளாப்புக்குத்தான் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ‘மடிப்பு’ என்றால் தாள் கசங்கியதும் மடிப்பு ஆகிவிடுகிறது. ‘மடி’ என்று வைத்தால் என்ன? முன்மடி, பின்மடி. வேட்டி மடியில் காசு வைப்பதுபோல, பல புத்தகங்களில் விலை அச்சாகியிருப்பது அந்த முன்மடியின் மூலையில்தான். பரிசாகக் கொடுப்பவர்கள் விலை தெரியாமலிருக்க அந்த மூலையைக் கத்தரித்துவிடுவார்கள். அது ‘மடி நறுக்கிய சட்டை’.

இதெல்லாம் ஏன் முக்கியமென்றால், சட்டையோடு இருக்கும் முதற்பதிப்புக்கும் சட்டையில்லாத அதே பதிப்புக்கும் விலை பல மடங்கு வேறுபடும். நூலகங்கள் பெரும்பாலும் சட்டையை உரித்துவிட்டுத்தான் அடுக்கின. நான் சிறுவயதில் படித்த நூலகத்திலும் அப்படித்தான், ஒரு சட்டையைக்கூட நான் பார்த்ததில்லை. எந்த ஓவியர் என்ன வரைந்தார் என்பது அந்தத் தாளோடு போய்விட்டது.

பைண்டரிடமிருந்து புத்தகம் திரும்பி வந்த அன்று பதிவேட்டில் இப்படி எழுதினேன்:

“மறு அச்சு. சட்டை உண்டு, இரவல் அல்ல. மடி நறுக்கியது. முதுகு வெயிலில் வெளிறி மஞ்சள் பழுப்பேறியுள்ளது. முதுகின் மேல்நுனியில் அரை அங்குலக் கிழிசல், ஒட்டப்படவில்லை. பின்மடியில் பழைய உடைமையாளர் கையெழுத்து, பென்சிலில்.”

தூசுறை, நூலுறை பக்கம் நிற்பவர்கள் இதே குறிப்பை உங்கள் சொல்லை வைத்து எழுதி அனுப்புங்கள். பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து