இலங்கை டூருக்கு 26 பேர் ரக்பி அணி: எந்த இடத்துக்கு எத்தனை பேர், எதை வைத்துப் பொறுக்குவது?

வெண்ணாற்றங்கரை:

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துப் பையன்களைச் சேர்த்து ஒரு கிளப் அணி இலங்கை போகிறது. திருச்சியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து கண்டி. 9 நாளில் 3 ஆட்டம், மூன்றும் பதினைந்து பேர் ஆடும் 80 நிமிட ஆட்டம். 26 பேருக்குத்தான் காசு இருக்கிறது. முகாமுக்கு நாற்பது பேருக்கு மேல் வருகிறார்கள். பாதிக்கு மேல் கபடியிலிருந்து வந்தவர்கள், மிச்சம் வாலிபால், தடகளம். இதுவரை எல்லோரும் ஆடியது பெரும்பாலும் செவன்ஸ் என்ற ஏழு பேர் ஆட்டம்தான்.

ஃபார்வர்டு (முன்னால் கோத்து நின்று தள்ளுபவர்கள்) எத்தனை, பேக்ஸ் (பின்னால் நின்று ஓடுபவர்கள்) எத்தனை? தேர்வுக்கு ஓட்டம், எடை தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்? கேப்டனை முதலில் சொல்வதா, கடைசியிலா? கபடிக்காரர்களை எந்த இடத்தில் போடலாம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

—

மூன்றாம் நம்பர்:

இருப்பதில் சிறந்த 26 பேர் யார் என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் ஏழு விங்கர்களும் ஒன்றரை ஹூக்கரும் விமானம் ஏறுவார்கள். 3 (டைட்ஹெட் பிராப்), 2 (ஹூக்கர்), 10 (ஆட்டத்தை நடத்தும் ஃப்ளை ஹாஃப்) ஆகிய மூன்று சட்டைக்கும் ஆளை முதலில் எழுதுங்கள். மற்ற இடங்களில் ஒருவருக்கு அடிபட்டால் பக்கத்து இடத்துக்காரரை நகர்த்திச் சமாளிக்கலாம். இந்த மூன்றில் அது நடக்காது.

ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியும் எட்டெட்டுப் பேராகக் கோத்து நின்று தள்ளும்போது, முதல் வரிசையில் நிற்கும் மூவர்தான் ஃப்ரண்ட் ரோ. அதற்கு விதியே கணக்கு வைத்திருக்கிறது. ஆட்டத்துக்கு 23 பேர் பெயர் கொடுத்தால் அதில் 6 பேர் முறையாகப் பழகிய முன்வரிசைக்காரர்களாக இருக்க வேண்டும். லூஸ்ஹெட் (இடப்பக்கப் பிராப்), நடுவில் ஹூக்கர், டைட்ஹெட் (வலப்பக்கப் பிராப்) மூன்றுக்கும் தனித்தனி மாற்று ஆள். மாற்று இல்லாமல் போனால் ஸ்க்ரம் தள்ளாட்டம் இல்லாமல் நடக்கும், வெளியே போனவருக்குப் பதில் ஆளும் இறக்க முடியாது. 14 பேரோடு ஆட வேண்டியதுதான்.

என் பங்கீடு இது. பிராப் 5 (இரண்டு லூஸ்ஹெட், இரண்டு டைட்ஹெட், இரண்டு பக்கமும் ஆடுகிற ஒருவர்), ஹூக்கர் 2, இரண்டாம் வரிசையான லாக் 3, கடைசி வரிசையான பேக் ரோ 5. ஆக ஃபார்வர்டு 15. ஸ்க்ரம்மிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரம் ஹாஃப் 2, ஃப்ளை ஹாஃப் 2, சென்டர் 3, விங் ஃபுல்பேக் சேர்த்து 4. ஆக பேக்ஸ் 11. பேக் ரோ ஐவரில் ஒருவர் லாக் ஆடத் தெரிந்தவராகவும், இன்னொருவர் லைன் அவுட்டில் (வெளியே போன பந்தை உள்ளே எறிந்து தாவிப் பிடிப்பது) பந்து எறியப் பழகியவராகவும் இருக்கட்டும்.

அந்தக் கடைசி நிபந்தனை ஏன் என்பதற்கு 2023 உலகக் கோப்பையே சாட்சி. தென்னாப்பிரிக்கா தொடரின் நடுவில் மால்கம் மார்க்ஸ் என்ற ஹூக்கரை இழந்தது. அவருக்குப் பதில் சேர்த்தது ஹாண்ட்ரே போலார்டை, அவர் ஃப்ளை ஹாஃப். இறுதி ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே போங்கி எம்போனாம்பி முழங்கால் அடிபட்டு வெளியேற, பேக் ரோவும் ஹூக்கரும் ஆடக்கூடிய டியோன் ஃபோரி மிச்ச ஆட்டம் முழுவதையும் 2ஆம் நம்பர் வேலை பார்த்தார். லைன் அவுட் தடுமாறியது, ஆனாலும் 12–11 என்று கோப்பை கையில் நின்றது. ஃபோரி இல்லையென்றால் அங்கே யார் எறிவது?

டைட்ஹெட்டை எடை பார்த்து எடுக்காதீர்கள். எதிரணியின் இரண்டு பேர், லூஸ்ஹெட்டும் ஹூக்கரும், அவர் தலைக்கு இரண்டு பக்கமும் அழுத்துவார்கள். 115 கிலோ இருந்தாலும் முதுகு வளைந்தால் சரிந்துவிடுவார். சோதிக்க மெஷின் தேவையில்லை. ஒருவருக்கு ஒருவர், பிறகு மூவருக்கு மூவர், ஐவருக்கு ஐவர், கடைசியாக எட்டுக்கு எட்டு என்று படிப்படியாக ஏற்றுங்கள். மூவர் நிலையில் 8 விநாடி அசையாமல் தாங்கச் சொல்லி, 20 விநாடி ஓய்வு கொடுத்து, 6 தடவை செய்ய வையுங்கள். முதல் இரண்டை எல்லோரும் தாங்குவார்கள். நான்காவதிலிருந்து பக்கவாட்டில் உட்கார்ந்து பாருங்கள். தோள் இடுப்பை விடக் கீழே போகிறதா? பார்வை தரையில் விழுகிறதா? வலது கை எதிராளியின் பனியனை முதுகுப்பக்கம் பிடித்திருக்கிறதா, சோர்ந்து போய் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறதா? கையைப் பிடித்தால் பெனால்டி. தோள் இறங்கினால் கழுத்துக்கே ஆபத்து. ஆறையும் ஒரே வடிவத்தில் முடிப்பவர்தான் உங்கள் 3ஆம் நம்பர்.

எட்டுக்கு எட்டு முழுத் தள்ளாட்டம் பழகாத ஒருவரை 'உடம்பு இருக்கு, சமாளிச்சுக்குவான்' என்று பிராப் பட்டியலில் எழுதாதீர்கள். கண்டியில் பள்ளிப் பருவத்திலிருந்தே ஸ்க்ரம் பழகியவர்கள் எதிரே நிற்பார்கள். அங்கே டிரினிட்டி கல்லூரிக்கும் கொழும்பு ராயல் கல்லூரிக்கும் நடக்கும் பிராட்பி கேடயம் 1945லிருந்து நடக்கிற ஆட்டம்.

—

கொள்ளிடம் பத்து:

அண்ணே சொன்ன 3, 2 பற்றி எனக்கு மறுப்பில்லை. 10ஆம் நம்பரை மட்டும் கொஞ்சம் விரிக்கிறேன்.

2011 உலகக் கோப்பையில் நியூசிலாந்தின் டேன் கார்ட்டர் அடிபட்டார், அடுத்து காலின் ஸ்லேட், இறுதி ஆட்டத்திலேயே ஏரன் க்ரூடன். நான்காவதாக வந்த ஸ்டீஃபன் டொனால்டு போட்ட பெனால்டிதான் 8–7 வெற்றியைக் கொடுத்தது. 26 பேரில் நான்கு ஃப்ளை ஹாஃப் யாராலும் கொண்டுபோக முடியாது. ஆனால் இரண்டு பேரும், அது போக 10ஆம் இடத்தில் நின்று ஒரு ஆட்டத்தை ஓட்டக்கூடிய ஒரு சென்டரோ ஃபுல்பேக்கோ வேண்டும்.

கோல் உதைப்பவர் தனிக் கணக்கு. 1997இல் பிரிட்டன், அயர்லாந்து வீரர்களின் கூட்டு அணியான பிரிட்டிஷ் ஐரிஷ் லயன்ஸ் தென்னாப்பிரிக்கா போனபோது, ஃப்ளை ஹாஃபான நீல் ஜென்கின்ஸை உதைக்காகவே ஃபுல்பேக்கில் இறக்கினார்கள். டர்பனில் நடந்த இரண்டாவது டெஸ்ட்டில் தென்னாப்பிரிக்கா மூன்று ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைப்பது) போட்டும், அதற்கான கூடுதல் உதையான கன்வெர்ஷன் ஒன்றும் ஏறவில்லை. ஜென்கின்ஸ் 5 பெனால்டி, ஜெரமி கஸ்காட் ஒரு டிராப் கோல். லயன்ஸ் ஒரு ட்ரை கூட இல்லாமல் 18–15 என்று ஜெயித்துத் தொடரையும் முடித்தார்கள். ஆகவே உங்கள் உதைகாரர் எந்த இடத்தில் ஆடினாலும் முதல் பதினைந்தில் இருக்க வேண்டும்.

சோதனை: 20 உதை. நேர் எதிரே 22 மீட்டர் கோட்டிலிருந்து 4, இடது 15 மீட்டர் கோட்டிலிருந்து 8, வலதிலிருந்து 8. இளைத்த மூச்சோடு உதைக்க வேண்டும். இரண்டு உதைக்கு நடுவில் 60 மீட்டர் ஓடி வரட்டும். நின்று நிதானமாக 18 போடுபவர் ஓடிவந்து 11 போடுவார். அந்த 11தான் அவருடைய உண்மையான கணக்கு. 14க்குக் குறைந்தவரை நம்பி பெனால்டிக்குக் கோல் கேட்காதீர்கள், பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்து லைன் அவுட்டுக்குப் போங்கள்.

ஸ்க்ரம் ஹாஃப் தேர்வில் எல்லோரும் வேகத்தைப் பார்க்கிறார்கள். தரையில் கிடக்கும் பந்தை எடுத்துப் பின்னால் இழுக்காமல், அடி வைக்காமல், 10 மீட்டர் தள்ளி நிற்பவர் நெஞ்சுக்கு நேரே போடுகிறாரா என்று பாருங்கள். வலது பக்கம் 20, இடது பக்கம் 20. செவன்ஸ் ஆடியவர்களுக்கு ஒரு பக்கம்தான் நன்றாக வரும். பந்தை எடுத்தபின் ஒரு அடி வைத்தால் எதிரணியின் பிளாங்கர் (பேக் ரோவின் ஓரத்தில் நிற்பவர்) அதற்குள் உங்கள் 10ஆம் நம்பர் மேல் விழுந்துவிடுவார்.

ஹூக்கர் எறிவதையும் இதேபோல் எண்ணுங்கள். முன்னால், நடுவில், கடைசியில் நிற்பவருக்குப் பத்துப் பத்தாக 30. உயர்த்திப் பிடித்த ஆள் கைக்கு நேராக 24 போக வேண்டும். கோணல் எறி எதிரணிக்குப் பந்து.

—

வெண்ணாற்றங்கரை:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கபடி ஆட்களைப் பற்றி யாராவது சொல்லுங்கள். எங்கள் பலமே அவர்கள்தான், ஆனால் பெனால்டி கொட்டுகிறது.

—

மன்னை டேக்கிள்:

அதற்குக் காரணம் இருக்கிறது சார். கபடியில் பிடித்தால் விடக் கூடாது, ரக்பியில் பிடித்து விழுந்ததும் விட்டே ஆக வேண்டும். டேக்கிள் போட்டவர் உடனே கையை எடுத்து உருண்டு விலக வேண்டும். கபடிக் கை ரெய்டரைக் கோட்டைத் தொட விடாமல் அமுக்கிப் பழகியது, அதனால் கீழே விழுந்தபின்தான் இன்னும் இறுக்கும். உங்கள் பெனால்டியில் பாதி இங்கேதான் போகும்.

இன்னும் மூன்று பழக்கம் மாற வேண்டும். ஒன்று, டேஷ். தோளால் மட்டும் இடித்து வெளியே தள்ளுவது கபடியில் அழகான பாயிண்ட், இங்கே கையால் சுற்றிப் பிடிக்காத இடி என்று பெனால்டி, சில சமயம் மஞ்சள் அட்டை. இரண்டு, தொடையைப் பிடித்துத் தூக்குவது. தூக்கப்பட்டவரைத் தலையோ தோளோ முதலில் தரையில் படும்படி போட்டால் சிவப்பு அட்டைக்குப் போகும். மூன்று, நேர் எதிரே வருபவரின் கணுக்காலுக்குப் பாய்வது. தலை முழங்காலுக்கு முன்னால் போய் மாட்டும், மூளை அதிர்ச்சிக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. தலை எப்போதும் எதிராளியின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், கன்னம் அவர் புட்டத்தில் பட வேண்டும்.

சோதனை: 5 மீட்டர் அகல ஓடுபாதையில் ஒருவருக்கு ஒருவர். வலது தோளில் 10, இடது தோளில் 10. தலை சரியான பக்கமா, இரண்டு கையும் சுற்றியதா, ஒரு விநாடிக்குள் விட்டாரா, பந்து வரும் பக்கத்திலிருந்து விலகினாரா? நான்கையும் தனித்தனியாகக் குறிக்கவும். தலை தப்பாகப் போவது இரண்டுக்கு மேல் இருந்தால் அவர் எவ்வளவு பெரிய ரெய்டராக இருந்தாலும் இந்த டூருக்கு வேண்டாம். பழக்கம் மாறிய பிறகு அடுத்த டூர் போகட்டும்.

இடம் என்று கேட்டால், கார்னர் ஆடியவர்கள் பிளாங்கருக்கும் 12ஆம் நம்பர் சென்டருக்கும் பொருந்துவார்கள். காலடி வேகமான ரெய்டர்கள் விங்குக்கு. வாலிபால் பிளாக்கர்களை லாக்கில் போடுங்கள், லைன் அவுட்டில் தாவும் நேரம் அவர்களுக்குக் கையோடு வந்தது. ஆனால் ஸ்க்ரம்மில் இரண்டாம் வரிசையில் தள்ளவும் வேண்டும், அதை மறந்து உயரத்தை மட்டும் பார்த்து எடுப்பார்கள். 70 கிலோ லாக் ஒருவர் போதும், இரண்டு வேண்டாம்.

ஓட்டத்துக்கு ப்ராங்கோ வையுங்கள். 20, 40, 60 மீட்டர் போய்த் திரும்புவது ஒரு சுற்று, ஐந்து சுற்று, மொத்தம் 1,200 மீட்டர். பேக் ரோவும் பேக்ஸும் 5 நிமிடத்துக்குள், பிராப்கள் 5 நிமிடம் 45 விநாடிக்குள் முடித்தால் கிளப் ஆட்டத்துக்குத் தாங்கும்.

—

நாகை பிசியோ:

பொறுக்கும்போதே ஆட்ட நிமிடத்தையும் பங்கு போடுங்கள். 3 ஆட்டம், 15 பேர், 80 நிமிடம் என்றால் 3,600 நிமிடம். 26ஆல் வகுத்தால் ஆளுக்கு 138. யாரையும் 180க்கு மேல் ஆட விடாதீர்கள். இரண்டு ஆட்டத்துக்கு நடுவே குறைந்தது 72 மணி நேரம் இருக்கிறதா என்று அழைப்பவர்களிடம் இப்போதே கேளுங்கள். மாற்று ஆட்டக்காரர் விதியையும், டேக்கிள் உயரத்தில் உள்ளூர் மாறுதல் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டு ரக்பி யூனியன்களின் அனுமதிக் கடிதமும் வேண்டும்.

மூளை அதிர்ச்சி சந்தேகம் வந்தால் அந்த ஆட்டத்தில் அவர் திரும்பக் கூடாது. கிளப் அளவில் மறுபடி போட்டிக்கு வர குறைந்தது 21 நாள். 9 நாள் டூரில் அப்படிச் சந்தேகப்பட்ட ஆள் அதோடு டூரில் ஆட முடியாது. கிளம்பும் முன் மூன்று வாரத்துக்குள் மூளை அதிர்ச்சி வந்தவரும் அந்த 21 நாள் முடியும் வரை ஆட முடியாது. அதனால் கடைசி மூன்று வாரம் முழு வேக டேக்கிள் பயிற்சியைக் குறையுங்கள். பட்டியலை ஆறு வாரத்துக்கு முன்பே சொல்லி, நான்கு பேரைக் காத்திருப்பில் வையுங்கள், பாஸ்போர்ட்டும் விசாவும் தயாராக. அந்த நால்வரில் ஒரு பிராப்பும் ஒரு ஹூக்கரும் கட்டாயம். காப்பீட்டில் மோதல் விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் சேராது.

கொழும்பு வெக்கை நாகப்பட்டினம் போலத்தான், பழகியது. கண்டி மலையில் புல் ஈரமாக இருக்கும். நம் பையன்கள் போடுவது அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் கட்டாந்தரைக்கான கால்பந்து ஷூ. ஈரப் புல்லில் ஸ்க்ரம் தள்ளும்போது அது வழுக்கும். முன் ஐந்து பேருக்கும் கழற்றி மாட்டும் ஸ்டட் (ஷூவின் அடிக்குமிழ்) வாங்குங்கள், 18 மி.மீ. போதும், விதிப்படி 21 மி.மீ.க்கு மேல் கூடாது. பம்புசெட் தண்ணீர் விட்டு நனைத்த தரையில் இரண்டு வாரம் ஸ்க்ரம் போட்டுப் பார்த்தால், யாருடைய கால் நிற்கிறது என்று தேர்வுக்கும் உதவும்.

கேப்டனைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொல்லிவிட்டு அவர் ஆட்டம் இறங்கினால் ஒரு இடம் வீண். அணியில் இடம் உறுதியான 8ஆம் நம்பரோ (பேக் ரோ) 9ஆம் நம்பரோ (ஸ்க்ரம் ஹாஃப்) நல்லது. நடுவர் பக்கத்திலேயே இருப்பார்கள். அங்கே நடுவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார், 'க்ரவுச், பைண்ட், செட்' என்ற அழைப்பை முகாமிலேயே அதே வார்த்தையில், அதே இடைவெளியில் கேட்டுப் பழகட்டும்.

—

வெண்ணாற்றங்கரை:

மூன்றாவது ஆட்டத்துக்குள் ஏழு முன்வரிசைக்காரர்களில் இரண்டு பேர் அடிபட்டால்? ஐந்து பேரோடு 23 பெயர் கொடுக்க முடியாதே.

—

மூன்றாம் நம்பர்:

22 பெயர் கொடுங்கள் தம்பி. 19 முதல் 22 வரை 5 பேர் போதும், ஒரு பிராப்புக்கும் ஹூக்கருக்கும் மாற்று இருந்தால் சரி. 16 முதல் 18 பேர் என்றால் 4. பெஞ்சில் ஒரு விங்கர் குறைவார், அவ்வளவுதான். ஆனால் அந்த ஐவரில் ஒருவர் முந்தைய ஆட்டத்தில் 80 நிமிடமும் ஆடியவராக இருந்தால், தள்ளாட்டம் இல்லாத ஸ்க்ரம் வைத்துக்கொள்ளலாமா என்று ஆட்டத்துக்கு முந்தின நாளே எதிரணி மேனேஜரிடமும் நடுவரிடமும் பேசிவிடுங்கள். நட்பு ஆட்டத்தில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.