கிளிப் போட்டு 5 நாள்: கம்பி குத்துகிறது, ஒரு பிராக்கெட் சுற்றுகிறது. வீட்டில் எதுவரை செய்யலாம்?

தேன்கூடு:
மகளுக்கு 13 வயது, எடை 42 கிலோ. மேலும் கீழும் கிளிப் போட்டு இன்றோடு 5 நாள். மேல் வரிசையில் வலப்பக்கக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் கம்பி நுனி நீட்டிக்கொண்டு கன்னத்தைக் குத்துகிறது. அந்த இடம் வெள்ளையாகப் புண்ணாகிவிட்டது. கிளிப்புக்கென்று விற்கும் மெழுகை வைத்தால் அரை மணி நேரம்கூட நிற்பதில்லை. கீழே இடப்பக்கம் முன்கடைவாய்ப் பல்லில் பிராக்கெட் (கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) பல்லை விட்டுக் கழன்று கம்பியோடு சுற்றுகிறது. எதைக் கடித்தாலும் பல் கூசுகிறது. பின்பற்கள் முன்போல் சேரவும் இல்லை. அடுத்து வரச் சொன்னது 3 வாரம் கழித்து. அதுவரை பொறுக்கலாமா? கம்பியை நகவெட்டியால் நறுக்கிவிடலாம் என்கிறார்கள், சரியா? வலிக்கு ஐபுப்ரோஃபென் கொடுக்கலாமா?

கம்பிக்கணக்கு:
நகவெட்டியை எடுக்கும் முன் டார்ச் அடித்து மேல் வரிசையின் இடப்பக்கக் கடைசிப் பல்லைப் பாருங்கள். அந்தப் பல்லில் கம்பி நுனி நுழைகிற சிறு உலோகக் குழாய் ஒன்று இருக்கும். நுனி குழாய்க்கு வெளியே தெரிகிறதா, இல்லை குழாய்க்குள் ஒளிந்துவிட்டதா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. தொடக்கத்தில் போடுவது பெரும்பாலும் மெல்லிய, வழவழப்பான நிக்கல் டைட்டானியம் கம்பி. மெல்லும்போது அது பிராக்கெட்டுகளுக்குள் வழுக்கி ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். ஒரு பக்கம் எவ்வளவு நீள்கிறதோ, மறுபக்கம் அவ்வளவு குறையும். இந்த நிலையில் நீண்ட பக்கத்தை நறுக்கினால் கம்பி மொத்தத்தில் குட்டையாகி, இடப்பக்கக் குழாயிலிருந்து முழுதாக வெளியே வந்துவிடும். பிறகு கம்பியையே மாற்ற வேண்டியதுதான்.

இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு கதை. நெருக்கிக்கொண்டிருந்த பற்கள் ஒழுங்காக ஆக, வளைந்து நெளிந்து கிடந்த கம்பி நேராகும். மிச்ச நீளம் பின்னால் வெளிவரும். அது பல் நகர்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் பெரும்பாலும் சில வாரங்கள் ஆகும், 5 நாளில் அவ்வளவு வராது.

தேன்கூடு:
பார்த்தேன். இடப்பக்கம் நுனி வெளியே இல்லை. குழாய்க்குள் பாதிவரைதான் கம்பி இருக்கிறது போலத் தெரிகிறது.

கம்பிக்கணக்கு:
அப்படியானால் நகர்ந்த கம்பிதான். நறுக்க வேண்டாம், திருப்பித் தள்ளுங்கள்.

கையைக் கழுவி, நுனி மழுங்கிய சாமணம் ஒன்றைக் கொதிநீரில் போட்டு ஆறவிட்டு எடுங்கள். பிள்ளையை நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைத்தால் ஏதாவது கழன்று தொண்டைக்குள் போகலாம். முன்பற்களில் இரண்டு பிராக்கெட்டுகளுக்கு இடையே கம்பியைப் பிடித்து இடப்பக்கமாக மெதுவாகத் தள்ளுங்கள். ஒரு தள்ளலுக்கு 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். அடுத்த இடைவெளியில் பிடித்து மறுபடி தள்ளுங்கள். அவ்வப்போது இரு நுனியையும் பாருங்கள். வலப்பக்க நுனி குழாயின் வாயோடு ஒட்டி வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

நகரவில்லை என்றால் பலம் காட்டாதீர்கள். பிராக்கெட்டைச் சுற்றியுள்ள சிறு ரப்பர் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கலாம். அழுத்தினால் இன்னொரு பிராக்கெட் கழன்றுவரும்.

ஒருவேளை இடப்பக்க நுனி முழுதாக வெளியே வந்துவிட்டால், குளிர்ந்த நீரை அரை நிமிடம் அந்தப் பக்கம் வாயில் வைத்திருக்கச் சொல்லுங்கள். உடல் சூட்டில் விறைப்பாகும் வகைக் கம்பி என்றால் குளிரில் இளகி வளையும், குழாய்க்குள் நுழைப்பது எளிது. இதே காரணத்தால்தான் வலிக்கும் குளிர்ந்த நீர் இதமாக இருக்கிறது: அந்த நேரத்துக்குக் கம்பியின் இழுப்பே குறைகிறது.

கம்பி மறுபடியும் நகரத்தான் பார்க்கும். மருத்துவமனைக்குப் போகும்போது, கம்பி ஓடாமல் இருக்க நடுவில் ஒரு சிறு தடுப்பு வைக்கவோ நுனியை மடக்கிவிடவோ முடியுமா என்று கேளுங்கள். இரண்டும் சில நிமிட வேலைதான்.

மெழுகுருண்டை:
மெழுகு நிற்காததற்கு ஈரம்தான் காரணம். எச்சில் இருக்கும் உலோகத்தில் அது ஒட்டவே ஒட்டாது. முதலில் பல் துலக்கிவிட்டு, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே பஞ்சுச் சுருள் ஒன்றை வையுங்கள். குத்தும் இடத்தை இன்னொரு பஞ்சால் ஒற்றி எடுங்கள். சிறு பட்டாணி அளவு மெழுகை விரலிடையே 10 விநாடி உருட்டினால் இளகும். அதை அந்த இடத்தில் வைத்து அழுத்தி, மேலும் கீழும் விளிம்புக்கு அடியில் போகுமாறு நெருடிவிடுங்கள். அந்த அடிப்பிடிப்புதான் மெழுகைத் தாங்குகிறது. மேலே பூசினாற்போல் மெல்லிசாக வைத்தால் கம்பி ஒரு மணி நேரத்தில் கிழித்துக்கொண்டு வரும். மொழுமொழுவென்று புடைத்திருக்க வேண்டும்.

சாப்பிடும் முன் எடுத்துவிடுங்கள், துலக்கியபின் புதிது வையுங்கள். பழையதைத் திரும்ப உருட்டி வைக்காதீர்கள். தவறி விழுங்கினாலும் கெடுதல் இல்லை. கடைசிப் பல்லில் சாதா மெழுகு நிற்கவே இல்லை என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் சிலிக்கான் வகையை வாங்கிப் பாருங்கள்.

கடைசிப் பல்லில் இல்லாமல், நடுவில் எங்காவது பிராக்கெட்டைக் கட்டிய மெல்லிய முறுக்குக் கம்பி குத்தினால், பென்சிலின் புது அழிப்பான் முனையைத் துடைத்து, அந்த நுனியைப் பெரிய கம்பிக்கு அடியில் அழுத்தி மடக்கிவிட்டால் போதும்.

மூன்றாம்கடைவாய்:
மருந்து பற்றி. முதல் தேர்வு பாரசிட்டமால். பிள்ளைகளுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். 42 கிலோவுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அந்த அளவுக்குள்தான் வருகிறது. இரு வேளைக்கு நடுவே குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் கூடாது. சளி, காய்ச்சல் மருந்திலும் பாரசிட்டமால் இருக்கக்கூடும். அதையும் கணக்கில் சேருங்கள். கல்லீரல் நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

பல் நகர்வதே வேரைச் சுற்றி உண்டாகும் லேசான அழற்சியால்தான். ஐபுப்ரோஃபென் அந்த அழற்சியை அடக்குவதால், நாள்கணக்கில் தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வது மந்தமாகலாம் என்ற கவலை மருத்துவர்களுக்கு உண்டு. ஒத்துக்கொள்ளும் பிள்ளைக்கு ஒரு வேளை கொடுத்ததால் எதுவும் கெட்டுவிடாது. ஆஸ்பிரின் மட்டும் இந்த வயதில் கூடவே கூடாது. வாய்ப்புண் ஜெல் வாங்கினால் அட்டையைப் படியுங்கள்: கோலின் சாலிசிலேட் இருந்தால் 16 வயதுக்குக் கீழே தவிர்க்க வேண்டும்.

கூச்சம் முதல் 2 நாள் உச்சத்தில் இருந்து, ஒரு வாரத்துக்குள் தணியும். 5ஆம் நாளில் முதல் நாளைவிடக் குறைந்திருந்தால் கவலை வேண்டாம். எல்லாப் பல்லும் பொதுவாகக் கூசுவது இயல்பு. ஒரே ஒரு பல் மட்டும் தனியாக விண்விண்ணென்று தெறித்தால், ஈறு வீங்கினால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

புண்ணுக்கு உப்புநீர்: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு, அரை நிமிடம் கொப்பளித்துத் துப்ப வேண்டும், நாளுக்கு 3, 4 முறை. குத்துவது நின்றால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆறும். 3 வாரம் தாண்டினால் காட்டியே ஆக வேண்டும்.

கம்பிக்கணக்கு:
சுற்றும் பிராக்கெட்டுக்கு வருகிறேன். 3 வாரம் பொறுக்க வேண்டாம், நாளை காலையே போன் செய்யுங்கள். பசை விட்ட பிராக்கெட்டால் அந்தப் பல்லுக்கு எந்த இழுப்பும் போகாது. மற்றவை நகர, அது மட்டும் பின்தங்கும். போனில் "கீழே இடப்பக்கம் முன்கடைவாய்ப் பல், பசை விட்டுப்போயிற்று, கம்பியில்தான் இருக்கிறது" என்று சரியாகச் சொன்னால், திரும்ப ஒட்டுவதற்கு வேண்டிய நேரத்தை ஒதுக்குவார்கள். சொல்லாமல் போய் நின்றால் அந்த நேரம் கிடைக்காமல் போகலாம்.

அதுவரை சாமணத்தால் பிராக்கெட்டைப் பல்லின் நடுவுக்குக் கொண்டுவந்து, உலர்த்தி, மெழுகால் மூடி வையுங்கள். வீட்டுப் பசை எதையும் தொடவே வேண்டாம். அது வாய்க்கு ஏற்றதல்ல; அதைச் சுரண்டி எடுக்கும்போது எனாமலும் சேதமாகலாம். முழுதாகக் கழன்றால் சிறு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

கீழ்வரிசை பிராக்கெட் கழல்வதற்கு மேல்பல் அதன்மேல் இடிப்பது ஒரு பொதுவான காரணம். அதைத் தடுக்கத்தான் பின்பற்களின் மேல் திட்டுத்திட்டாகப் பசை வைப்பார்கள். பின்பற்கள் சேரவில்லை என்கிறீர்களே, கடைவாய்ப் பல் மேல் நீலமாகவோ வெள்ளையாகவோ திட்டு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது வேண்டுமென்றே வைத்தது, சுரண்டிவிடாதீர்கள்.

மெழுகுருண்டை:
நகவெட்டி பற்றி ஒன்று விட்டுப்போயிற்று. மெழுகும் நிற்காமல், தள்ளியும் வராமல், மருத்துவரையும் எட்ட முடியாத நிலையில் மட்டும்தான் அது. ஆல்கஹாலில் துடைத்த நகவெட்டி, நீட்டிய நுனியை மற்றொரு கையில் காஸ் துணியால் இறுகப் பிடித்தபடி நறுக்க வேண்டும்; இல்லையென்றால் துண்டு தெறித்துத் தொண்டைக்குப் போகும். தடித்த எஃகுக் கம்பியை அது வெட்டாது, முறுக்கத்தான் செய்யும். துண்டு வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் தானே வெளியேறிவிடும், மருத்துவருக்குத் தெரிவித்தால் போதும். இருமல் நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவு.

இன்னொன்று, வலிக்கிறது என்று துலக்குவதை நிறுத்த விடாதீர்கள். பிராக்கெட்டைச் சுற்றி அழுக்கு படிந்தே இருந்தால் 4 வாரத்திலேயே பல்லில் வெள்ளைத் தழும்பு தெரியத் தொடங்கலாம். மென்மையான பிரஷ்ஷை பிராக்கெட்டுக்கு மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை, 45 பாகை சாய்த்துத் துலக்கட்டும். கம்பிக்கு அடியில் சிறு இடைப்பல் பிரஷ் போகும். புண் இருக்கும் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

தேன்கூடு:
வலப்பக்க நுனி உள்ளே போய்விட்டது, ஏழெட்டுத் தள்ளலில். கடைவாய்ப் பல் மேல் நீலத் திட்டு இருக்கிறது. பிராக்கெட்டை மெழுகால் மூடியாயிற்று, காலையில் போன் செய்கிறேன்.